நாத்தனார் ‘சரி’ சொல்லாத கதை

1

இந்தக் கதை வீம்பில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரியவந்து யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போன் செய்து கதை கேட்டார். கம்ப்யூட்டரின் ஆழத்திலிருந்து வரும் குறிப்புகளில் நினைவக முகவரிகளை எந்த வடிவத்தில் அச்சிடுவது என்பதைப் பற்றி ஒரு கதை கைவசம் இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் ஒரு இருமல்.

“அம்மா, உங்களுக்கு உறவுகளைப் பத்தி நல்லா எழுத வருது. மாமியார், மருமக, நாத்தனார்... அந்த மாதிரி ஏதாவது குடுங்களேன். வாசகர்களைப் பயமுறுத்த வேண்டாமே.”

“இதுவும் நாத்தனார் கதைதான் சார்.”

“அப்படிச் சொல்லுங்க!” என்று அவர் குளிர்ந்துபோனார்.

நான் பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் தங்கை எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் படுக்கையோரமாக இதயத்துடிப்பைக் கோடு போட்டுக் காட்டும் திரை இருக்கிறதல்லவா, அந்த மிஷினைச் செய்யும் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். அந்தத் திரை வார்டுகளில் திடீர் திடீரென்று இருண்டுபோய், தானாகவே மறுபடி கண்விழிக்க ஆரம்பித்தது. பழி அவள் எழுதிய பகுதியின் தலையில் விழுந்தது. “சரி, என் தப்புதான்” என்று அவள் வாயால் சொல்ல வேண்டும் என்கிறார்கள். சொல்ல மாட்டேன் என்கிறாள். கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் அவள் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்பதற்கான விளக்கம்.

வாசகர்கள் பயப்படுவார்களாம். யார், நீங்களா? நாலு தலைமுறைச் சொத்து வழக்கை, எந்தச் சித்தப்பாவுக்கு எந்தப் பங்கு என்பது வரைக்கும் விடாமல் பின்தொடர்கிற நீங்களா ஒரு முகவரிக்குப் பயப்படப் போகிறீர்கள்? ஆசிரியர் என்னை மட்டம் தட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உங்களை மட்டம் தட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2

முதல் தொடக்கம்:

‘வார்டு முழுக்க அமைதி. மூலைப் படுக்கையில் கிடந்த பெரியவரின் தலைமாட்டில் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தக் கோடு

[இதற்கு மேல் எழுதவிடவில்லை. படித்துப் பார்க்கக் கொடுத்தது என் தப்பு. நாத்தனார் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “யாரும் சாகல அண்ணி. நர்ஸ் ஓடி வந்து நாடி பிடிச்சுப் பாத்துட்டு, மிஷினை நாலு திட்டு திட்டிட்டுப் போனாங்க. அதோட, ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துலதான் அது அணையும், நடுவுல அணையாது. எதுக்கு ஒரு பெரியவரைக் கொல்லப் பாக்கறீங்க?”]

இரண்டாம் தொடக்கம்:

‘ஜன்னலுக்கு வெளியே மழை. அவள் கையில் ஆறிப்போன காபி. வாழ்க்கை என்பதே

[இதை நானே அடித்துவிட்டேன். ‘வாழ்க்கை என்பதே’ என்று ஆரம்பிக்கிற வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் காபியை ஆறவிடுகிற ஆளும் இல்லை.]

மூன்றாவது தொடக்கத்தை எந்த ஜோடனையும் இல்லாமல் எழுதுகிறேன்.

3

கூட்ட அறைக்குள் அவள் நுழைந்தபோது சுவரில் ஏற்கெனவே ஒரு வரைபடம் விரிந்திருந்தது. சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு தூண், கூரையை முட்டும் உயரத்துக்கு. பக்கத்தில் குட்டி குட்டியாக நாலைந்து சாம்பல் கட்டைகள்.

அவளுடைய குழுவின் தலைவரை எல்லோரும் ‘தலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் ‘சார்’. அவர் லேசர் விளக்கைச் சிவப்புத் தூணின் உச்சியில் வைத்தார்.

“வார்டுல இருந்து வந்த எல்லா ட்ரேஸையும் ஸ்கிரிப்ட் பிரிச்சு அடுக்கியிருக்கு. பாருங்க, முக்கால்வாசிக்கு மேல ஒரே அட்ரஸ். அந்த அட்ரஸ் யாரோடதுன்னு பாத்தா...” லேசர் புள்ளி வழுக்கி இறங்கி, தூணின் காலடியில் எழுதியிருந்த அவளுடைய பகுதியின் பெயரில் நின்றது. “சொல்றதுக்கு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா.”

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக அவரவர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்கள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஒரு கோளாறுக்குக் காரணம் இதுதான் என்று முடிவு கட்டுகிற நாளில், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து ‘சரி’ என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. பழியைச் சுமக்கிறவரும் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகு அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்க மாட்டார்கள். அவளும் ஒருமுறை, உண்மையிலேயே அவள் செய்த தவறுக்கு, கணீரென்று ‘சரி’ சொல்லியிருக்கிறாள்.

“எனக்குக் கொஞ்சம் டைம் வேணும் சார்,” என்றாள்.

“எதுக்கு?”

“நீங்க தூணைக் காட்டறீங்க. தூணுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்.”

[இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் பயந்தது இந்த இடத்துக்குத்தான். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இது கஷ்டமே இல்லை.

கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற புரோகிராம். யாருக்கு எந்த இடம், யாருக்கு எப்போது முறை என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். தான் செய்வதையெல்லாம் வரி வரியாகக் குறித்துக்கொண்டே போகும்படி அதற்குச் சொல்லிவைக்கலாம். அந்தக் குறிப்புக்குத்தான் ட்ரேஸ் என்று பெயர். ‘தடம்’ என்று எழுதிப் பார்த்தேன். “யானை போன தடமா அண்ணி?” என்றாள். ட்ரேஸ் என்றே இருக்கட்டும். மிஷின் நிலைகுலைந்து விழும்போது கடைசி மூச்சில் இந்த ட்ரேஸைக் கொட்டிவிட்டு விழும்.

நினைவகத்தை ஒரு நீண்ட தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் அதில் ஒரு வீடு. வீட்டின் கதவு எண்ணை வைத்திருக்கும் துண்டுச்சீட்டுதான் பாயிண்டர். ட்ரேஸில் அந்த எண்ணைக் காட்டுவதற்கு %p என்று எழுதுவார்கள். ஆனால் கெர்னல் விவரமானது. உண்மையான எண்ணைக் காட்டாது. கலைத்துப் போட்டு ஒரு பொய் எண்ணைக் காட்டும். உண்மை எண் வெளியே தெரிந்தால் திருடன் நேரே அந்தக் கதவுக்கே வந்துவிடுவான் அல்லவா? உண்மை எண்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு %px என்று ஒன்று உண்டு. கம்பெனியில் அதற்குத் தடை.

அவ்வளவுதான். செத்தா போய்விட்டீர்கள்?]

4

தூணுக்குள் இருந்ததை அவள் மறுநாள் காலை தன் மேசையில் விரித்துப் பார்த்தாள். வரி வரியாக, வார்டு வார்டாக, மிஷின் மிஷினாக ஓடியது. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எல்லா வரியிலும் இது இருந்தது:

(____ptrval____)

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் காது மடல் சூடாகும் அளவுக்குக் கோபம் வந்தது.

பொய் எண்ணைக் கலைத்துப் போடுவதற்குக் கெர்னலுக்குக் கொஞ்சம் தாறுமாறு, அதாவது யாராலும் ஊகிக்க முடியாத ஏதோ ஒன்று, தேவைப்படும். மவுஸ் நகர்கிற விதம், விரல் கீபோர்டைத் தட்டுகிற நேரம், இப்படி எங்கிருந்தாவது அதைச் சேகரித்துக்கொள்ளும். வார்டுத் திரைக்கு ஏது மவுஸ், ஏது கீபோர்டு? அதிலும் அதில் ஓடுவது பழைய கெர்னல். கண்விழித்துக் கொஞ்ச நேரத்துக்கு அதன் கையில் கலைத்துப் போட ஒன்றுமே இருக்காது. அந்த நேரத்தில் முகவரி கேட்டால், உண்மையையும் சொல்லக் கூடாது, பொய்யும் தயாராகவில்லை என்று, எந்த வீட்டைக் கேட்டாலும் ஒரே சொல்லை எழுதிவைக்கும். இப்போது சொல்வதற்கில்லை என்று அதற்கு அர்த்தம்.

ட்ரேஸ்களைப் பிரித்து அடுக்கும் கம்பெனியின் குட்டிப் புரோகிராம், அந்த ஸ்கிரிப்ட், அதை முகவரி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ‘விலாசம் தெரியவில்லை’ என்று முத்திரை குத்தித் திரும்பி வந்த தபாலையெல்லாம் ஒன்றாகக் கட்டி, இத்தனை தபாலும் ஒரே ஆளுக்குத்தான் என்று சாதித்த மாதிரி. மூட்டையின் மேல் யார் பெயரை எழுதுவது? முதல் தபாலில் இருந்த பெயரை. மிஷின் எழுந்ததும் முதலில் ஓடுவது அவள் எழுதிய பகுதி. ஆக, ஊரில் விலாசம் தெரியாமல் போனதெல்லாம் அவள் கணக்கில் ஏறியிருக்கிறது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே தலையின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஸ்கிரிப்ட்ல தப்பு இருக்கு. ஒத்துக்கறேன்,” என்றார். மனிதர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் அவளுக்கே ஆச்சரியம். “ஆனா ஒண்ணு சொல்லு. மிஷின் விழறப்போ கடைசியா ஓடினது யாரு? உன்னோட பகுதி. பொணம் உன் வீட்டுலதானே கெடக்கு?”

“என் வீட்டுல கெடந்தா நான்தான் கொன்னேனா?”

“வேற யாருன்னு காட்டு. காட்டிட்டா நானே எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. அவளுடைய வீட்டின் வாசற்பக்கத்தில் யாரோ வந்து எதையோ கொட்டி நாசம் செய்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாசலில் கொட்டுகிறவன் பக்கத்து வீட்டுக்காரனாகத்தான் இருப்பான். யார் பக்கத்து வீடு என்று தெரிய வேண்டுமானால் உண்மையான கதவு எண் வேண்டும். சோதனை அறையில் எண்ணைத் திறந்து பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சோதனை அறையில் மிஷின் ஒரு தடவைகூட விழுவதில்லை. நல்ல பிள்ளையாக ஓடுகிறது. வார்டில்தான் விழுகிறது. வார்டில் எண்ணைத் திறக்கக் கூடாது.

5

இப்போது வில்லி வர வேண்டும்.

கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை ஒரு பெண்மணி. ‘பூட்டு மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் எழுதிய முதல் பிரதியில் அவர் உதட்டைச் சுழித்தபடி வருவார், நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார், நாத்தனாரை நிற்கவைத்தே அனுப்புவார். எழுதும்போது எனக்கு ஒரே குஷி. ஒரு கதைக்கு நல்ல வில்லி அமைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.*

* மீதிப் பாதி வேலை, அந்த வில்லியைப் போல நிஜத்தில் யாரும் இல்லை என்று ஒத்துக்கொள்வது.

நாத்தனார் படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள். “இது யாரு?”

“உங்க பூட்டு மேடம்.”

“அவங்க சொன்னது எல்லாமே சரி அண்ணி. எனக்குப் பிடிக்காததைச் சொன்னாங்கங்கறதுக்காக அவங்களைச் சூனியக்காரியாக்கிடுவீங்களா? நான் பழியை ஏத்துக்க மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறேன். நீங்க எனக்காக இன்னொருத்தங்க தலையில பழியைக் கட்டறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அதனால் மறுபடி எழுதுகிறேன். இந்த முறை நடந்தபடியே.

பூட்டு மேடம் அவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும், “px கேக்கத்தான் வந்திருக்கேன்னா, மாட்டேன். டீ வேணும்னா சொல்லு, குடுக்கறேன்,” என்றார்.

“மேடம், வார்டு மிஷின்ல மட்டும்தான் இந்தப் பிரச்சனை வருது. ஒரே ஒரு வாரம் உண்மையான அட்ரஸை வெளிய விட்டாப் போதும்.”

“அந்த மிஷின் ஆஸ்பத்திரி நெட்வொர்க்ல தொங்கிட்டிருக்கு. எவனாவது உள்ள புகுந்தா, எந்தக் கதவை உடைக்கணும்னு நாமளே படம் வரைஞ்சு கையில குடுக்கறதா? அது ஏதோ டி.வி. இல்லம்மா, நெஞ்சுல ஒயர் ஒட்டின ஆளு அந்தப் பக்கம் படுத்திருக்கான்.”

“அப்ப என் மேல பழி விழுந்தா உங்களுக்குப் பரவாயில்லை.”

“நான் அப்படிச் சொன்னேனா?” மேடத்துக்கும் குரல் ஏறியது. “வந்ததுல இருந்து அட்ரஸ், அட்ரஸ்னு சொல்ற. அட்ரஸை வச்சு என்ன பண்ணப் போற? உனக்கு என்னதான் தெரியணும்?”

“யாரு என் பக்கத்து வீடுன்னு தெரியணும்.”

“அப்ப அதை மட்டும் கேளேன். கதவு நம்பர் எதுக்கு?”

அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

இரண்டு வீட்டு எண்களையும் அச்சிட வேண்டியதில்லை. உள்ளேயே கழித்துப் பார்த்து, இடையில் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் அச்சிட்டால் போதும். தெரு எங்கே இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது, ஆனால் யார் யாரை ஒட்டிக் குடியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தூரம் என்பது வெறும் எண். அதைக் கலைத்துப் போட வேண்டிய அவசியம் கெர்னலுக்குக் கிடையாது, கையில் தாறுமாறு இல்லையே என்று முழிக்கவும் வேண்டாம்.

“மேடம், நீங்க ஒரு—”

“நான் பூட்டு. தெரியும். போய் எழுதிட்டு வா, நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் வெளிய விடுவேன்.”

6

எழுதிக்கொண்டு போனாள். மேடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, இரண்டு வரிகளை அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். தன் வார்டு மிஷின்களில் அதை ஓட்டிப் பார்க்க ஒரு ஆஸ்பத்திரி சம்மதித்தது. தெருவில் தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் தனக்கும் உள்ள தூரத்தை அவள் கேட்டிருந்தாள். மிஷின் விழுந்தது. ட்ரேஸ் வந்தது. பெரிய பெரிய எண்களுக்கு நடுவே ஒரு வரியில் மட்டும் பூஜ்யம். அடுத்த மிஷின் விழுந்தது. அதே வரியில் பூஜ்யம். அதற்கடுத்ததிலும் அப்படியே.

பூஜ்யம் என்றால் நடுவில் சந்துகூட இல்லை, சுவரோடு சுவர். ஒட்டியிருந்த வீடு பீப் சத்தத்தினுடையது. துடிப்பு ஏறினாலோ இறங்கினாலோ நர்ஸைக் கூப்பிடும் அந்தக் ‘கீங் கீங்’ ஒலி. மிஷினை ஆன் செய்ததும், ஒயரில் துடிப்பு தெரியும்வரைக்கும் விடாமல் கத்துவதும் அதுதான். அது தனக்கு ஒதுக்கிய இடத்துக்கு மேல் ஒரு சொட்டு அதிகமாக எழுதிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டு அவள் வீட்டு வாசலில் விழுந்துகொண்டிருந்தது.

அவள் படிக்கட்டுப் பக்கம் போய், யாரும் இல்லாத திருப்பத்தில் உட்கார்ந்து அழுதாள். துக்கமில்லை. ‘நான் இல்லடா, நான் இல்லவே இல்லடா’ என்று யாரையோ அறைய வேண்டும் போலிருந்த அழுகை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அவளுக்கு அடுத்தது உறைத்தது. சோதனை அறையில் மிஷின் ஏன் விழவில்லை?

[இதை ஊகித்துவிட்டீர்களா? ஊகித்திருந்தால் உங்களுக்கும் அந்தச் சத்தம் பழக்கம் என்று அர்த்தம்.]

சோதனை அறைக்குள் நுழைகிற எவரும் முதலில் செய்கிற காரியம், பீப்பை அணைப்பது. வருஷக்கணக்காக அப்படித்தான். நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு யாரால் வேலை செய்ய முடியும்? தலைவலி வந்துவிடும். ஆளாளுக்கு அணைத்து அணைத்து, கடைசியில் எவனோ புண்ணியவான் அதை நிரந்தரமாகவே அணைத்து வைத்துவிட்டான். மனிதனைக் கூப்பிடுவதற்காகவே செய்த மிஷினை, கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு இத்தனை நாள் சோதித்திருக்கிறார்கள்.

மறுநாள் மதியம், எல்லோரும் இருக்கும்போது, அவள் பீப்பைத் திறந்துவிட்டு மிஷினை ஆன் செய்தாள்.

கீங் கீங் கீங்.

“அய்யோ, யாருப்பா அது!”

“நிறுத்தும்மா, காது போகுது!”

அவர்கள் திட்டி முடிப்பதற்குள் திரை இருண்டது. சத்தமும் நின்றது. எழுந்து வந்து பார்த்தவர்களில் தலையும் ஒருவர். அந்த பீப் அவர் எழுதியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒத்தை ஆளாக. புதிதாக வருகிறவர்களிடம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் முகம் சுருங்கிப்போனதை அவள் பார்த்தாள், பார்த்துச் சந்தோஷப்பட்டாள். [“சந்தோஷப்பட்டேன்னு எழுதுங்க அண்ணி. என்னைத் தெய்வமாக்காதீங்க.”]

7

ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு அன்று மாலை கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் அந்தக் கேக் ஒரே நாள்தான் இனித்தது.

அடுத்த நாள் தலை அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். கெட்டவர்களை எழுதுவது சுலபம், பயந்தவர்களை எழுதும்போது பேனா தயங்குகிறது.

“நீ சொன்னது நூத்துக்கு நூறு. அதுல பேச்சே இல்ல,” என்றார். “ஆனா பீப் இருக்கே, அது அரசாங்க சோதனையெல்லாம் முடிஞ்சு முத்திரை வாங்கின பகுதி. அதுல ஒரு எழுத்தைத் தொட்டாலும் மறுபடி முதல்ல இருந்து சோதனை. மாசக்கணக்கா விக்க முடியாது. மேல இருக்கறவங்க என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. உன் பகுதிக்கு அந்த முத்திரை தேவையில்ல. நீ உன் வீட்டு வாசல்ல கொஞ்சம் காலியிடம் விட்டுடு. அந்தச் சொட்டு அதுல விழுந்துட்டுப் போகட்டும். மிஷின் அணையாது. எல்லாருக்கும் நல்லது.”

“காரணம்னு என்ன எழுதுவீங்க?”

தலை குரலைத் தாழ்த்தினார். “உன் பகுதியில குறை இருந்தது, சரி பண்ணியாச்சுன்னு. ஒரு வரி. உனக்கு எந்தப் பாதிப்பும் வராம நான் பாத்துக்கறேன்.”

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார். “அவர் சொல்றதுல என்ன தப்பு? மிஷின் சரியாயிடுதுல்ல? ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டு வேலையைப் பாரேன். உனக்குன்னு எங்கேருந்துதான் வருதோ இந்தப் பிடிவாதம்.”

“இன்னைக்கு அந்த பீப் என் பக்கத்துல இருக்கு அண்ணா. நாளைக்கு இன்னொருத்தர் புதுசா ஏதாவது எழுதுவாங்க, தெருவுல இடம் மாறும். அது வேற யார் வாசல்லயாவது கொட்டும். அந்த வீடு துடிப்பை எண்ணற வீடா இருந்தா? அப்ப திரை அணையாது. தப்பான எண்ணைக் காட்டிட்டு ஜம்முனு ஓடிட்டிருக்கும். பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. அன்னைக்கு யாராவது தேடினா, இதெல்லாம் ஏற்கெனவே சரி பண்ணியாச்சுன்னு என் பேரைக் காட்டுவாங்க. நான் சரி சொன்னா, தேடற வழியையே நான் அடைச்ச மாதிரி.”

“வேலை போயிட்டா?”

“போகட்டும்.”

“போகட்டுமாம்! கேட்டியா இவளை?” என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

கேட்டேன். கேட்டதும் எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவைக்கிறேன். நாத்தனாரைப் பற்றி இப்படி எழுதுகிற முதல் அண்ணி நானாகத்தான் இருப்பேன் என்றால், இருந்துவிட்டுப் போகிறேன்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: ‘தலை எழுந்து நின்றார். தழுதழுத்த குரலில், “குற்றவாளி நான்தான்” என்றார். அறையே எழுந்து கைதட்டியது.’ [“எங்க ஆபீஸ்ல கேக் வெட்டினாத்தான் கைதட்டுவாங்க அண்ணி.”]

இரண்டாம் முடிவு: ‘அவள் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தாள். ஒரே வருடத்தில் சொந்தக் கம்பெனி’ [“பணம் யார் போடறது? அண்ணனா?” கீழே இருந்து என் வீட்டுக்காரர், “என்னை இழுக்காதீங்க!”]

மூன்றாம் முடிவு: ‘சில வருடம் கழித்துத் தலைக்கே நெஞ்சுவலி. அதே வார்டு, அதே திரை. அவர் கண்ணெதிரே அந்தப் பச்சைக் கோடு’ [“சீ! உங்களுக்கு யாரையாவது அந்தப் படுக்கையில படுக்க வச்சே ஆகணுமா?”]

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் ஒரே குறை. அவள் ‘மாட்டேன்’ என்று சொன்னதற்கு நான் உடனே கூலி கொடுக்கப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் யாருக்காவது தண்டனை கொடுக்கப் பார்க்கிறேன். கூலி வரும் என்று தெரிந்து சொல்கிற ‘மாட்டேன்’ என்ன பெரிய ‘மாட்டேன்’?

உண்மையில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஆசிரியர் போன் செய்து கேட்டார், அவரிடமும் சொல்லவில்லை. “முடிவு இல்லாம எப்படிம்மா போடறது?” என்றார். போடாதீர்கள் என்றேன். சொல்லிவிட்டால் நீங்கள் ‘அப்பாடா’ என்றோ ‘அடப்பாவமே’ என்றோ எழுந்து போய்விடுவீர்கள். உங்களை எழுந்து போகவிடுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

கடைசிக் கூட்டம் வரைக்கும் மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன். வாருங்கள்.

அதே அறை. சுவரில் இந்த முறை தூண் இல்லை, ஒரே ஒரு வரி: அவளுடைய பகுதியில் குறை இருந்தது, சரிசெய்யப்பட்டது. பூட்டு மேடத்துக்கு இந்த மேசையில் நாற்காலி கிடையாது. தலை தன் இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சரி,” என்றார் ஒருவர்.

“சரி.” இவர் அன்றைக்கு ‘காது போகுது’ என்று கத்தியவர்.

“சரி.” இவர் கத்திவிட்டு எழுந்து வந்து, இருண்ட திரையைத் தொட்டே பார்த்தவர்.

“ம்...”

“வாயைத் திறந்து சொல்லுங்க.”

“சரி சார்.”

அவளுடைய முறை வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து நின்று, சுவரில் இருந்த வரியைப் பார்த்துச் சொன்னாள்.

“மாட்டேன். குறை பீப்புல இருக்கு. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். எனக்காக யாரும் பாவப்பட வேண்டாம். வார்டுல ஒயர் ஒட்டிட்டுப் படுத்திருக்கறவங்களை நெனைச்சுப் பாருங்க. நான் சரி சொல்ல மாட்டேன்.”

உட்கார்ந்தாள். யாரோ பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள்.

தலை தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். எல்லோரும் சரி சொல்வதுதான் வழக்கம், ஆனால் ஒருவர் மட்டும் மறுத்தால் அந்தக் கம்பெனியில் அது தனிக் கருத்து. ஓரமாகக் குறித்துவைத்துவிட்டு முடிவைப் பதிவு செய்துவிடலாம். இரண்டாவதாக ஒருவர் மறுத்தால் முடிவு விழுந்துவிடும், பீப்பைத் திருத்தித்தான் ஆக வேண்டும். இது மேசையைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விதி.

அவளுக்கு அடுத்து ஒரே ஒரு நாற்காலிதான் பாக்கி. அதில் உட்கார்ந்திருப்பவருக்கும் வீடு இருக்கிறது, ‘ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டு வேலையைப் பாரேன்’ என்று சொல்லும் ஆட்கள் அந்த வீட்டில் இருக்கிறார்கள். அவரும் ஒவ்வொரு ட்ரேஸிலும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தவர். திரை இருண்டபோது அறையில் இருந்தவர். தூணுக்குள் என்ன இருந்தது, பக்கத்து வீடு யாருடையது, எல்லாம் முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்துத் தெரிந்துகொண்டவர். எனக்கு இதெல்லாம் புரியாது என்று இனிமேல் அவரால் சொல்லிக்கொள்ள முடியாது. நான் விளக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார்.

“நீங்க சொல்லுங்க. சரிதானே?”